ஓர் ஆண்டை இதழ் இதழாக வாசிப்பது எப்படி: ரஷ்யா, 1866

1866இல் ரஷ்யாவில் என்ன நாவல் வந்தது என்று கேட்டால், வாசகர்கள் யோசிக்காமல் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்பார்கள். பதில் சரிதான். ஆனால் அந்த ஆண்டு முழுக்க அதைப் புத்தகமாக எவரும் கையில் எடுக்கவில்லை. மாதப் பத்திரிகையில் தவணை தவணையாக வந்தது. அடுத்த மாதம் என்ன ஆகும் என்பது வாசகருக்குத் தெரியாது. பல சமயம் எழுதியவருக்கே முழுதாகத் தெரியாது. பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். ஆண்டுவாரியான நூற்பட்டியல்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஒரு நாட்டின் இலக்கியத்தில் ஓர் ஆண்டை அறிய விரும்புகிறவர் முதலில் அந்த ஆண்டின் சந்தாதாரராக மாற வேண்டும்.

எனவே ஆசிரியரை விட்டுவிட்டு ஒரு பத்திரிகையைத் தேர்ந்தெடுங்கள். 1866க்கு என் தேர்வு, மாஸ்கோவில் கட்கோவ் நடத்திய 'ருஸ்கி வெஸ்த்னிக்'. ஒரு நோட்டில் பன்னிரண்டு கட்டங்கள் போடுங்கள். தஸ்தயேவ்ஸ்கியின் நாவல் வந்த மாதங்களைக் குறியுங்கள்: ஜனவரி, பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், ஜூலை, ஆகஸ்ட், நவம்பர், டிசம்பர். பிறகு வேறு நிற மையில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் கட்டங்களில் டால்ஸ்டாயின் '1805' என்று எழுதுங்கள். பின்னாளில் 'போரும் அமைதியும்' ஆன படைப்பு அப்போது அந்தப் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. தொடக்கப் பகுதிகள் முந்தைய ஆண்டே வெளியாகிவிட்டன.

இப்போது பிப்ரவரி கட்டத்தைப் பாருங்கள். ஒரே அட்டைக்குள் தஸ்தயேவ்ஸ்கியின் நாயகன் ரஸ்கோல்னிகவும் இருக்கிறான், டால்ஸ்டாயின் இளவரசர் ஆந்திரேயும் இருக்கிறார். ஏப்ரலிலும் அப்படியே. தபாலில் வந்த ஒரே இதழைப் பிரித்து, மாடிப்படியில் கோடாரியோடு ஏறியவனின் கதையையும் நெப்போலியனை எதிர்த்துப் போன படையின் கதையையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். எந்த நூற்பட்டியலும் இதைக் காட்டாது. இரண்டு நாவல்களையும் தனித்தனி அலமாரியில் வைத்துவிடும்.

நிரம்பிய கட்டங்களைப் போலவே காலிக் கட்டங்களையும் விசாரியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். செப்டம்பரும் அக்டோபரும் ஏன் காலி? 1865 கோடையில் கடன் நெருக்கியபோது தஸ்தயேவ்ஸ்கி ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். 1866 நவம்பர் 1க்குள் ஒரு புதிய நாவலைக் கொடுக்க வேண்டும். தவறினால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் காசு கொடுக்காமல் வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். அக்டோபர் பிறந்தபோது ஒரு பக்கம்கூட ஆகவில்லை. 4ஆம் தேதி அன்னா கிரிகோரியெவ்னா என்ற சுருக்கெழுத்துப் பெண் வந்தார். 26 நாட்களில் 'சூதாடி' சொல்லி எழுதப்பட்டது. கையெழுத்துப் படியைக் கொண்டுபோனால் ஸ்டெல்லோவ்ஸ்கி ஊரில் இல்லை. அதைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கி வைத்தார் தஸ்தயேவ்ஸ்கி. அந்தச் சுருக்கெழுத்தாளரையே அடுத்த ஆண்டு மணந்துகொண்டார். நவம்பர் கட்டம் மீண்டும் நிரம்புகிறது.

அடுத்து ஓரத்தில் பணக்கணக்கு எழுதுங்கள். அச்சுத் தொழிலில் பாரக் கணக்கு என்போமே (ஒரு பெரிய அச்சுத் தாளில் அடங்கும் பக்கங்கள் ஒரு பாரம்), அதே கணக்கில்தான் அங்கேயும் சம்பளம். கட்கோவுக்கு எழுதிய கடிதத்தில் தஸ்தயேவ்ஸ்கி பாரத்துக்கு 125 ரூபிள் கேட்டார். டால்ஸ்டாய்க்கு அதே பத்திரிகை 300 கொடுத்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய விளக்கம் தேவைப்படாது. ஆசிரியர் குழுவின் பென்சிலையும் மறக்காதீர்கள்: 'குற்றமும் தண்டனையும்' நாவலில் சோனியா என்ற பெண் பைபிளின் லாசரஸ் கதையை வாசிக்கும் அத்தியாயத்தை அவர்கள் ஏற்கவில்லை, ஜூலையில் தஸ்தயேவ்ஸ்கி அதைத் திருத்தி எழுத வேண்டிவந்தது. முதலில் எழுதிய வடிவம் இன்று கிடைக்கவில்லை. நாம் படிப்பது கட்கோவ் சம்மதித்த பக்கங்களை.

அதன் பிறகே தெருவுக்குப் போங்கள். ஜனவரியில் மாஸ்கோவில் டானிலோவ் என்ற மாணவன், வட்டிக்குப் பணம் கொடுப்பவர் ஒருவரையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் கொன்றான். நாவலின் முதல் தவணை அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. செய்தியைப் பார்த்து எழுதினார் என்று யாராவது சொன்னால் நோட்டைத் திறந்து காட்டுங்கள். ஏப்ரல் 4 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டிருந்த கரகோசோவ் பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் மன்னரை நோக்கிச் சுட்டான், குறி தப்பியது. ரஷ்யாவில் அப்போது பழைய நாட்காட்டி, மேற்கு ஐரோப்பாவில் அது ஏப்ரல் 16. எந்தக் கணக்கு என்று நோட்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் கடிதங்களும் செய்தித்தாள்களும் பன்னிரண்டு நாள் வித்தியாசத்தில் ஒன்றோடொன்று சண்டை போடும்.

இங்கே இரண்டாவது பத்திரிகை ஒன்று தேவை, முதலாவதற்கு எதிரணியில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். 1866க்கு அது பீட்டர்ஸ்பர்க்கின் 'சோவ்ரெமென்னிக்'. புஷ்கின் 1836இல் தொடங்கியது. இப்போது நெக்ரசோவின் கையில். ஜனவரியில் அவருடைய நெடுங்கவிதையான 'ரஷ்யாவில் யார் நலமாக வாழ்கிறார்?' என்பதன் முன்னுரைப் பகுதி அதில் வந்தது. துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு அரசின் பார்வை அங்கே திரும்பியது. பத்திரிகையைக் காப்பாற்ற, விசாரணைக்குத் தலைமை தாங்கிய முராவ்யோவைப் புகழ்ந்து ஒரு விருந்தில் கவிதை வாசித்தார் நெக்ரசோவ். ஏழைக் குடியானவனைப் பாடிய கவிஞர்! நண்பர்கள் முகம் சுளித்தார்கள், அரசு பத்திரிகையையும் மூடிவிட்டது. ஆண்டின் பாதிக்கு மேல் அந்த வரிசையில் கட்டங்களே இல்லை. அந்த வெறுமையை அடித்துவிடாமல் அப்படியே விடுங்கள்.

எழுத்தாளர்களில் ஊரில் இல்லாதவர்களுக்கு ஒரு சிறு பெட்டி போதும்: துர்கனேவ் பாடன்-பாடனில், செர்னிஷெவ்ஸ்கி சைபீரியாவில், ஹெர்சன் ஜெனீவாவில், விமர்சகர் பீசரெவ் நவம்பர் வரை கோட்டைச் சிறையில்.

இனி வாசிப்பு. எம்.ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்' தமிழில் இருக்கிறது, டால்ஸ்டாய்க்கு டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்'. 'குற்றமும் தண்டனையும்' நாவலின் ஆறு பாகங்கள் எட்டு இதழ்களில் வந்தன, ஆகவே புத்தகத்தின் பாகமும் தவணையும் அப்படியே ஒத்துப்போகாது. பரவாயில்லை. முதல் பாகத்தின் முடிவில் கொலை நடந்துவிடுகிறது; அங்கே மூடிவிட்டு டால்ஸ்டாயின் படைமுகாமுக்குப் போங்கள். சில நாள் கழித்துத் திரும்பி வாருங்கள். ஒரே மூச்சில் முடிப்பவருக்கு இந்தக் காத்திருப்பு கிடைக்காது.

கடைசியாக, டிசம்பருக்குப் பின் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவையுங்கள். விமர்சனங்கள் பிந்தித்தான் வரும். சிறையிலிருந்து வெளிவந்த பீசரெவ் 'குற்றமும் தண்டனையும்' பற்றி எழுதிய கட்டுரை 1867இல் அச்சேறத் தொடங்கியது. அதே ஆண்டு துர்கனேவின் 'புகை' நாவல் 'ருஸ்கி வெஸ்த்னிக்'கில் வந்தது. அதையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துவிடலாம்.