40 மி.மீ. உயர்த்திய ஜிம்னிக்குப் பெரிய டயர் பொருத்துவது எப்படி?

மாருதி சுசுகி ஜிம்னியின் முன்னச்சு, பின்னச்சு இரண்டுமே விறைப்பான ஒற்றை அச்சுகள். ஆகையால், நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியை 40 மி.மீ. உயர்த்தும்போது உயர்வது பாடியும் சேசிசும் மட்டுமே. பாறையில் முதலில் இடிபடும் டிஃபரென்ஷியல் ஹவுசிங் (அச்சின் நடுவில், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டைக் கூடு) பழைய உயரத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து மேலே தூக்குவதற்குப் பெரிய டயர்தான் வழி. காட்டுப்பாதையிலும் ஆற்றுமணலிலும் வண்டி ஓட்ட விரும்பும் ஒருவர் இந்த வேலைக்குச் செலவழிப்பது நியாயமானதே. ஆனால், வண்டியை உயர்த்தியாகிவிட்டதால் எந்த டயரும் உள்ளே போய்விடும் என்று நம்பிவிடக் கூடாது. ஸ்பிரிங் கூட்டித் தரும் இடைவெளி வண்டி நிற்கும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிவது. பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது, அச்சு பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர்க் கட்டையில் முட்டித்தான் நிற்கிறது. அந்தக் கட்டையை நீங்கள் மாற்றாதவரை, டயர் முன்பு எவ்வளவு மேலே வந்ததோ அவ்வளவு மேலே இப்போதும் வரும்.

முதலில் கணக்கு

ஐந்து கதவு ஜிம்னியுடன் வரும் டயர் 195/80 ஆர்15. அகலம் 195 மி.மீ., அதில் 80 விழுக்காடான 156 மி.மீ. பக்கச்சுவரின் உயரம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களைச் சேர்த்தால் மொத்த விட்டம் 693 மி.மீ. ஆகிறது. இதே முறையில் கணக்கிட்டால் 215/75 ஆர்15 டயரின் விட்டம் 703.5 மி.மீ.; 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733.5 மி.மீ. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அச்சுக்கு அடியில் கிடைக்கும் என்பதால், முதலாவது ஏறத்தாழ 5 மி.மீ. உயரத்தையும் இரண்டாவது 20 மி.மீ. உயரத்தையும் தருகின்றன. இவை தாளில் வரும் அளவுகள். நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையான அளவு சில மில்லிமீட்டர் வேறுபடும் என்பதால், கடையிலேயே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

235/75 டயரின் விட்டம் 5.8 விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் பழைய கணக்கிலேயே ஓடுவதால், முன்பு 80 கி.மீ. கடந்த அதே எண்ணிக்கைச் சக்கரச் சுழற்சியில் வண்டி இப்போது ஏறத்தாழ 85 கி.மீ. கடக்கும்; கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 1462 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு இது கூடுதல் சுமை. மலைப்பாதையில் ஒரு கியர் குறைக்க வேண்டிய இடங்கள் கூடும், பிரேக்கையும் சற்று அழுத்தமாக மிதிக்க வேண்டிவரும். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கு 215/75 போதும் என்பதே என் கருத்து. கரடுமுரடான பாதைதான் வாடிக்கை என்றால் மட்டும் 235-க்குப் போங்கள்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. எனவே, பணத்தை இறக்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், இந்த மாற்றம் சொந்த நிலத்திலும் மூடிய களத்திலும் ஓடும் வண்டிக்கு மட்டுமே உரியது.

டயரும் ரிம்மும் பொருந்த வேண்டும்

ஜிம்னியின் ரிம் அகலம் 5.5 அங்குலம். 215/75 டயர் அதில் அமரும். 235/75 டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் தேவை. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி புடைத்து, ஓரங்கள் தரையைத் தொடாமல் நின்றுவிடும். புது ரிம் வாங்கும்போது ஐந்து போல்ட், 139.7 மி.மீ. போல்ட் வட்டம், 108 மி.மீ. நடுத்துளை ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். ஆஃப்செட்டில், அதாவது ரிம் உள்ளே அல்லது வெளியே எவ்வளவு தள்ளி அமர்கிறது என்ற அளவில், இன்னும் கவனம் வேண்டும். சக்கரத்தை அதிகம் வெளியே தள்ளும் ரிம், உள்பக்கம் உரசுவதைக் குறைத்தாலும், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயரைப் பெரிய வட்டத்தில் சுழற்றிப் பம்பர் மூலையில் இடிக்க வைக்கும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டுள்ள பளு எண் பழைய டயரின் எண்ணான 96-க்குக் குறையக் கூடாது. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள்.

ஒரே ஒரு டயரை மாட்டிச் சோதியுங்கள்

ஐந்தையும் ஒரே நாளில் மாட்டிவிடும் அவசரம் வேண்டாம். ஒரு ரிம்மில் மட்டும் டயரை ஏற்றிக் காற்றடித்து, சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பின் மாட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் கையை நீட்டாதீர்கள்.

வண்டியை இறக்கியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பாருங்கள். ஜிம்னியில் உரசும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: முன்பம்பரின் கீழ்மூலை, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மட்ஃபிளாப், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர், அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நீளமான கைகள். கடைசியாகச் சொன்ன கைகளில் டயரின் உள்பக்கச் சுவர் தொட்டால் அந்த அளவோடு ஓட்டவே கூடாது. இரும்பு, பக்கச்சுவரை அறுத்துவிடும். ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டைச் சற்று வெளியே எடுத்து ஒடிப்பைக் குறைக்கலாம், ஆனால் வண்டி திரும்புவதற்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்ளும்.

அடுத்ததுதான் பலரும் விட்டுவிடும் சோதனை. லைனரின் உட்புறத்திலும் பம்பர் மூலையிலும் ஈரமான சாக்பீஸைத் தடித்துப் பூசிவிட்டு, அந்தச் சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள சக்கரத்தையும் மண்மேட்டில் மெதுவாக ஏற்றுங்கள். அச்சு ஒரு பக்கம் சாயும்போது, பம்ப் ஸ்டாப் உள்ள இடத்தைவிட அதற்கு வெளியே இருக்கும் சக்கரம் கூடுதலாக மேலே ஏறும் என்பதால், வெறும் அளவுகோலால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அமுங்கிய நிலையிலேயே, துணைக்கு ஒருவரை வெளியே நிற்க வைத்து, ஸ்டியரிங்கை மெல்ல ஒடியுங்கள். பிறகு இறக்கி, சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் மட்டும் தடம் இருந்தால் ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே அழுத்தலாம், பம்பரின் கீழ்மூலையைச் சிறிது வெட்டலாம். இரும்புத் தகட்டில் தடம் இருந்தால் வெட்ட நினைக்காமல், பம்ப் ஸ்டாப்பின் நீளத்தைக் கூட்டுங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்ட நிலையில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைத்து நிற்கின்றனவா என்பதையும் அப்போதே கவனியுங்கள். முன்பக்கம் முடிந்ததும், அதே சக்கரத்தைப் பின்பக்கம் மாட்டி மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

மாட்டிய பிறகு

நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்ப்பது. வண்டியை உயர்த்தியதால் முன்னச்சு சற்று முன்னோக்கிச் சுழன்று கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கும். ஸ்டியரிங் நேராக நிற்காமல் அலைபாய்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், இதற்கு அந்தக் கோணத்தைத் திருத்தும் புஷ் போட வேண்டும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடு காரணமாக அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருக்கும் என்பதால் இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நின்றால் அதை நேராக்காமல் விடக் கூடாது. விட்டால், வண்டி வழுக்காமல் காக்கும் ஈஎஸ்பி அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கலாம்.

ஸ்டெப்னியும் இதே அளவில் இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும் முறுக்கிக்கொள்ளும். கனமான ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால், கதவின் கீலையும் பம்பருக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் பாருங்கள்.

காற்றழுத்தத்தைக் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவிலிருந்து தொடங்கி, டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, தார்ச்சாலையில் சிறிது தூரம் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஏறத்தாழ 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பாருங்கள். முதல் காட்டுப்பாதைப் பயணம் முடிந்ததும் நான்கு சக்கரக் குழிகளையும் கழுவி, புதிதாகப் பளபளக்கும் தேய்மானம் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். அது பிரேக் ஹோஸில் தெரிந்தால், சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.