ஊதா இலை ரெட்பட் பச்சையாவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சாலையோரக் காடுகளில் ரெட்பட் மரம் பூத்துவிடும். ஓர் இலைகூட இல்லாத கிளைகளிலும், சில சமயம் அடிமரத்திலுமே, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூக்கள் அப்பிக்கிடக்கும். நம்மூர் மந்தாரைக்கு இது உறவு. மந்தாரை இலை நுனியில் பிளந்திருக்கும், இதன் இலை பிளக்காத இதய வடிவம்.

கேரி, மோரிஸ்வில் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் இந்தப் பூவைப் பார்த்து மயங்கி நர்சரிக்குப் போகிறார்கள். திரும்பும்போது வண்டியில் இருப்பது பெரும்பாலும் காட்டு ரெட்பட் அல்ல. அதன் வண்ண இலை ரகங்களான கருஊதா இலை ஃபாரஸ்ட் பான்சியோ, மஞ்சளும் ஆரஞ்சுமாகத் துளிர்க்கும் ரைசிங் சன்னோதான். அப்புறம் ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே வேலைகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். தண்ணீர் ஊற்ற மறப்பது, மூடாக்கை அடிமரத்தைச் சுற்றிக் குவிப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை எந்த மரத்துக்கும் உள்ளவை.

ஏப்ரல் நிறத்தைப் பார்த்து வாங்குவது

ஃபாரஸ்ட் பான்சி ஏப்ரலில் பளபளவென்று நாவற்பழ நிறத்தில் நிற்கும். ஜூலையில் அதே மரத்தைப் பார்த்தால் மங்கிய பச்சையில் கொஞ்சம் செம்பு பூசியதுபோல் இருக்கும். நோய் ஒன்றுமில்லை. 1947இல் டென்னஸியின் மெக்மின்வில்லில் ஒரு நர்சரியில் கண்டெடுத்த பழைய ரகம் இது. இரவிலும் சூடு தணியாத தென்மாநிலக் கோடையில் நிறம் நிற்காது.

கோடையிலும் ஊதா வேண்டும் என்றால் மெர்லாட் ரகத்தைத் தேடுங்கள். ஃபாரஸ்ட் பான்சியையும் டெக்சாஸ் வகை ரெட்பட்டையும் கலந்து உருவாக்கியது. இலை தடிமனாக, மினுமினுப்பாக இருக்கும், வெயிலையும் தாங்கும். ராலேயில் உள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் வெர்னர் செய்த இனக்கலப்பு வேலையில் வந்த ரகம் இது. கிளை தொங்கும் ரூபி ஃபால்ஸும் அங்கிருந்து வந்ததுதான். அதாவது இந்தப் பக்கத்து வெயிலில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. பக்கத்திலேயே இவ்வளவு இருக்க, கடையில் முதல் வரிசையில் நின்றது என்பதற்காக ஒன்றை ஏன் தூக்கிவர வேண்டும்?

‘நிழல் தாங்கும்’ என்பதை நம்பி மூலையில் வைப்பது

காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் வளரும் மரம் என்பது உண்மைதான். நிழலில் சாகாது. ஆனால் நிறம் போய்விடும். ஊதா இலை பச்சையாகும், ஹார்ட்ஸ் ஆஃப் கோல்ட் போன்ற பொன்னிற இலை வெளிர்பச்சையாகும். முழு நிழலில் வைப்பதாக இருந்தால் இவ்வளவு பணம் கொடுத்து வண்ண ரகம் வாங்குவதே வீண். காலை வெயில் நன்றாக விழுந்து, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் வரும் இடம் போதும். வெள்ளை கலந்த இலை ரகங்களுக்குப் பிற்பகல் நிழல் கட்டாயம். இல்லையென்றால் ஓரம் கருகும்.

ஒட்டுக்குக் கீழே வருவதை வளர்ப்பது

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் தெருவில் ஓர் இளம் தம்பதி, “அக்கா, ஊதா மரம்னு சொல்லி கடைக்காரன் ஏமாத்திட்டான், முழுசும் பச்சையாயிடுச்சு, கொஞ்சம் வந்து பாருங்க” என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தரையிலிருந்து மூன்று தண்டுகள் தளதளவென்று ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. நடுவில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு காய்ந்த குச்சி. அந்தக் குச்சிதான் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய மரம்! மீதி மூன்றுக்கும் ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றி, காற்றில் சாயாமல் முட்டுக்கொம்பும் கட்டியிருந்தார்கள். புல் வெட்ட வருபவர் “நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் மரம் இன்னும் நன்றாக வளரும்” என்று வேறு யோசனை சொல்லியிருக்கிறார்.

வண்ண இலை ரெட்பட் விதையிலிருந்து அதே நிறத்தில் வருவதை நம்ப முடியாது. வெட்டிய கிளையை நட்டாலும் எளிதில் வேர் பிடிக்காது. அதனால் நர்சரிக்காரர்கள் காட்டு ரெட்பட் நாற்றின் மேல் வண்ண ரகத்தின் மொட்டை ஒட்டுகிறார்கள். ஒட்டுக்கு மேலே உள்ளது நீங்கள் வாங்கிய ரகம், கீழே உள்ளது காட்டு மரம். மேல்பகுதி சிரமப்படும்போது, அதாவது ஆழமாகப் புதைத்தாலோ, பனியில் அடிபட்டாலோ, புல்வெட்டியின் நைலான் நூல் பட்டையைச் சீவினாலோ, கீழே தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் கிளம்பிவிடும். வேரிலிருந்து வரும் சத்தெல்லாம் முதலில் அவற்றுக்குத்தான் போகும். கண்டுகொள்ளாமல் விட்டால் சில பருவங்களில் மேல்பகுதி ஒடுங்கிப் போகும்.

எரிச்சல் எதில் என்றால், இது நமக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஊரில் ஒட்டு மாங்கன்று வைத்த எந்த வீட்டிலும் ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் பாட்டி பார்த்த கையோடு கிள்ளி எறிவார். ஒட்டு ரோஜாவுக்கும் அதே கதைதான். இங்கே வந்து மரத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டால் அதெல்லாம் மறந்துபோகிறது.

கோடையில் நிறம் மங்குவதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மங்குவது மரம் முழுக்க நடக்கும். பழைய இலைகள் பச்சையாக இருந்தாலும் கிளை நுனியில் வரும் புது இலை ஊதாவாகவே வரும். காட்டுத் துளிர் என்றால் அந்தத் தண்டு மட்டும் அடி முதல் நுனி வரை பச்சை. காட்டு ரெட்பட்டின் பிஞ்சு இலையிலும் சில சமயம் லேசான செம்மை தெரியும் என்பதால், இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல் தண்டைப் பிடித்துக்கொண்டே கீழே போங்கள். ஒட்டுப்பகுதி பெரும்பாலும் மண்ணுக்குச் சற்று மேலே, சிறு வளைவாகவோ புடைப்பாகவோ இருக்கும். பட்டையும் அங்கே கொஞ்சம் மாறியிருக்கும். தண்டு அதற்குக் கீழே முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ரூபி ஃபால்ஸில் இன்னும் சுலபம்: மற்ற கிளைகள் தொங்க, ஒன்று மட்டும் பச்சையாக அடியிலிருந்து நெட்டுக்குத்தாக ஏறினால் அது காட்டுத் துளிர்.

நடும் நாளிலேயே ஒட்டுப்பகுதியைக் கண்டுபிடித்துவிடுங்கள். அது மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள், மூடாக்கும் அதைத் தொடக்கூடாது. புதைந்துவிட்டால் எது எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. துளிர் விரல் நீளத்தில் இருக்கும்போதே அடியோடு பிய்த்து எடுங்கள். கத்தரியால் தரைமட்டத்தில் நறுக்கினால் அடிக்கட்டையிலிருந்து இரண்டு மூன்றாகத் திரும்ப வரும். தடித்துவிட்டால் மண்ணை விலக்கி, கிளம்பும் இடம் வரை போய், கட்டை மிச்சமில்லாமல் வெட்டுங்கள்.

மேல்பகுதி முழுதும் செத்துவிட்டால் ஊதா திரும்ப வராது, காத்திருக்காதீர்கள். மிஞ்சுவது பூக்கும் காட்டு ரெட்பட். நல்ல மரம்தான், அந்த விலைக்கு வாங்க வேண்டிய மரம் அல்ல.

களிமண்ணில் பள்ளம் தோண்டிப் பொட்டல மண் நிரப்புவது

மாநிலத்தின் நடுப்பகுதியான பியட்மாண்டின் செங்களிமண்ணில் ஆழக் குழி எடுத்து, கடையில் பையில் விற்கும் பொலபொலப்பான பொட்டல மண்ணைக் கொட்டினால் மழைநீர் எல்லாம் அங்கே வந்து தேங்கும். களிமண்ணைத் தாங்கும் ரெட்பட், தேங்கும் நீரைத் தாங்காது. குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்ப்பந்து அளவுக்கு மேல் வேண்டாம், எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். முதலில் குழியில் ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் வேறு இடம்.

உரம்

மண் பரிசோதிக்காமல் போடாதீர்கள். வட கரோலினாவில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை மாநில வேளாண்மைத் துறை இலவசமாகவே பரிசோதித்துத் தரும். பயறுக் குடும்பம்தானே, தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதும் சரியல்ல. பயறுச் செடிகளின் வேரில் தழைச்சத்தைப் பிடித்துத்தரும் முடிச்சுகள் இதன் வேரில் உருவாவதில்லை.

புல்தரைக் களைக்கொல்லி

2,4-டி என்ற களைக்கொல்லி கலந்தது எதுவும் மரத்தின் பக்கம் வரக்கூடாது. காற்றில் வரும் சாரலுக்கே இலை கிண்ணமாகச் சுருண்டு முறுக்கும்.

இலையில் அரைவட்ட வெட்டுகள்

இலைவெட்டித் தேனீ. மருந்து அடிக்காதீர்கள்.

அப்புறம் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பது

முடியாது. சிறு கன்றாக வாங்கி, யோசித்து ஒரே இடத்தில் வையுங்கள்.

குளிர்காலத்தில் கவாத்து

வரப்போகும் பூவைத்தான் வெட்டுகிறீர்கள், அது பழைய கிளையில்தான் வரும். பூ உதிர்ந்த கையோடு வெட்டுங்கள். இரண்டு தண்டு குறுகிய கவட்டையாக ஒட்டி எழுந்தால் ஒன்றைச் சிறுவயதிலேயே எடுத்துவிடுங்கள். பெரிதான பிறகு ஒரு புயலில் நடுவாகப் பிளக்கும்.