பச்சைக் கல்லுக்கு நூலில் ஒரு காந்தம்

கலிபோர்னியா கடற்கரை மலைகளில் சர்ப்பன்டைன் என்ற பச்சைக் கனிமத்தைத் தேடும்போது, சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, வழுவழுப்பான பச்சைக் கல்லின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். காந்தம் கல்லை நோக்கிச் சாய்ந்தால் பெரும்பாலும் சர்ப்பன்டைன்தான். ஆலிவின் என்ற கனிமம் தண்ணீரோடு சேர்ந்து சர்ப்பன்டைனாக மாறும்போது, அதிலுள்ள இரும்பில் ஒரு பகுதி பிரிந்து, காந்தம் ஈர்க்கும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் ஆகிவிடுகிறது. கல்லில் மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்பாகத் தெரிவது பல நேரம் அதுதான்.

பளிங்குப் பாறையோடு உருவான வெளிர் மஞ்சள்பச்சை சர்ப்பன்டைனுக்கு இந்தக் காந்தச் சோதனை உதவாது. அதில் இரும்பு மிகக் குறைவு. அப்போது எஃகுக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள்: சர்ப்பன்டைனில் பொதுவாகக் கீறல் விழும், அதைப் போலவே தெரியும் ஜேட் என்ற கடினமான பச்சைக் கல்லில் விழாது. ஆனால் பட்டுநூல் மாதிரி நார் ஓடும் கல்லைக் கீறவோ உடைக்கவோ வேண்டாம். அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.