வடக்கு காட்டும் பெல்ட்: கட்டும்போது சொதப்பும் இடங்கள்

இடுப்பைச் சுற்றி எட்டு நாணய மோட்டார் (போனை அதிர வைக்கும் நாணய வடிவ குட்டி மோட்டார்). வடக்கு எந்தப் பக்கமோ அந்த மோட்டார் மட்டும் அதிரும்; நீங்கள் திரும்பினால் அதிர்வும் இடம் மாறும். சாமான் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே சாயங்காலத்தில் கிடைத்துவிடும். கட்டியபின் காலை வாருவது பெரும்பாலும் திசைகாட்டி சென்சார்தான்.

எச்எம்சி5883எல் என்ற திசைகாட்டி சிப் என்று கடையில் தருவது பல நேரம் கியூஎம்சி5883எல் சிப்பாக இருக்கும். ஐ2சி ஸ்கேனர் (இணைத்த சிப்பின் முகவரியைச் சொல்லும் சிறு நிரல்) ஓட்டிப் பாருங்கள்: முகவரி 30 என்றால் முன்னது, 13 என்றால் பின்னது (ஸ்கேனர் ஹெக்ஸில், அதாவது 16 அடிமான எண்ணில், 0x1E, 0x0D என்று காட்டும்). ஒன்றின் லைப்ரரி மற்றதற்கு ஒத்துவராது.

பெரிய தவறு, மாட்யூலை மேசையில் தனியாகச் சுழற்றி கேலிபிரேட் செய்துவிட்டு (அளவைத் திருத்திவிட்டு) அப்புறம் பெல்ட்டில் தைப்பது. மோட்டாருக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். பக்கத்து மோட்டார் அதை எளிதாக அமுக்கிவிடும். நீங்கள் முழுச் சுற்று சுற்றினாலும் அதிர்வு இரண்டு மூன்று மோட்டாரைத் தாண்டாது. சென்சாரை பெல்ட்டிலிருந்து ஒரு சாண் மேலே, முதுகுப் பட்டையில் வையுங்கள். இரும்பு பக்கிள் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். எல்லாம் தைத்து, பேட்டரி மாட்டி, பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் மெல்ல இரண்டு சுற்று. சென்சார் தரும் எக்ஸ், ஒய் அளவுகள் இரண்டிலும் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுப்புள்ளியைக் கண்டு, ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துவிடுங்கள். இரும்புக் கம்பி போட்டு கான்கிரீட் ஊற்றிய மொட்டைமாடியில் இதைச் செய்யாதீர்கள். மெரினா மணல் நல்ல இடம், சரிபார்க்கவும் வசதி. கடலைப் பார்த்து நின்றால் இடது இடுப்பு அதிர வேண்டும்.

வெளிநாட்டு சர்க்யூட்களில் சாய்வுத் திருத்தம் (உடல் சாயும்போது சென்சார் காட்டும் பிழையைச் சரிசெய்வது) கட்டாயம் என்றிருக்கும். ஜெர்மனியில் காந்தப்புலம் அறுபது பாகைக்கு மேல் சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது, அதனால் அங்கே அது தேவை. சென்னையில் புலம் ஏறக்குறையக் கிடையாக ஓடுவதால் முதல் பெல்ட்டுக்கு அதை விட்டுவிடலாம்.

மோட்டாரை அர்டுயினோ (சென்சாரைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு கணினிப் பலகை) பின்னில் நேராக மாட்டாதீர்கள். பின்னுக்கு 20 மில்லியாம்ப் வரைதான் நல்லது; மோட்டார் 80 வரை கேட்கும். நடுவில் மின்னோட்டத்தைத் தாங்கும் யூஎல்என்2803 சிப் ஒன்றே எட்டுக்கும் போதும். அதன் 10-வது கால் மோட்டார் சப்ளையின் பிளஸ்ஸில் சேர வேண்டும். மறந்தால், மோட்டார் அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலைத் தாங்க உள்ளே இருக்கும் டயோடுகள் சும்மா கிடக்கும்.

சாலிடர் மூட்டுகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி மூடும் பிளாஸ்டிக் குழாய்) போட்டு, பெல்ட்டை பனியனுக்கு மேல் கட்டுங்கள். மே மாத வியர்வை உப்பு செம்பை அரித்துவிடும்.

இரண்டு நாள் கட்டிவிட்டு ‘ஒன்றும் உறைக்கவில்லை’ என்று கழற்றுவார்கள். ஜெர்மனியின் ஆஸ்னாப்ரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் பெல்ட்டை ஆறு வாரம் கட்ட வைத்தார்கள். நீங்களும் அதுபோல் பல வாரம் கட்டிப் பாருங்கள்; மின்சார ரயிலில் ஏறினால் மட்டும் ஸ்விட்சை அணையுங்கள். இரும்புப் பெட்டிக்குள் அது காட்டுவது வடக்கே அல்ல.