கிட்டு, அலமு, மணி: வீட்டுப் பெயரிலிருந்து முழுப்பெயரைப் பிடிப்பது எப்படி

குடும்ப வரைபடம் போடலாம் என்று உட்கார்ந்தால் முதல் தடங்கல் பெயர்தான். கேட்கிறவர்கள் எல்லாரும் கிட்டு தாத்தா, அலமு பாட்டி என்றே சொல்வார்கள், பழைய பத்திரத்தைப் பிரித்தால் அந்தப் பெயரில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார். எங்கள் குடும்பத்தில் மணி என்று ஒரு பெரியவர், நானாகவே சுப்பிரமணியன் என்று எழுதிவிட்டேன். அவர் பெயர் ராமசாமி. மணிக்கும் அதற்கும் ஒரு பொருத்தமும் இல்லை.

அதனால் முதலில் சுலபமானவற்றைக் கழித்துவிடுங்கள். பெயரின் முன்பக்கத்தை வைத்துக்கொண்டு கடைசியில் ஒரு 'உ' சேர்ப்பது நம் வாய்க்குப் பழக்கம். சரஸ்வதி சரசு, பார்வதி பாரு, அலமேலு அலமு, சுப்பிரமணியன் சுப்பு. (அந்த அலமேலுவே முழுப்பெயர் இல்லை, அலர்மேல்மங்கை தேய்ந்து வந்தது.) முன்பக்கம் பொருந்தவில்லையா, வாலைப் பாருங்கள், அதே சுப்பிரமணியன்தான் இன்னொரு வீட்டில் மணி. சிலருக்கு நடுப்பகுதி காணாமல் போகும்: மகாலிங்கம் மாலி ஆகிவிடுவார், புல்லாங்குழல் மாலி அப்படி வந்தவர்தான். தஞ்சாவூரைத் தஞ்சை ஆக்கிய அதே வாய்தான் இதையும் செய்கிறது, இலக்கணத்தில் இதற்கு மரூஉ என்று பெயர்.

கிட்டுவைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கிருஷ்ணன், கிருட்டிணன், கிட்டிணன், கிட்டு. ஷ்ண என்ற இடத்தில் நாக்கு தடுக்குகிறது, ட்ட என்று அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கிட்டு என்றவுடன் கிருஷ்ணன் என்று எழுதிவிடாதீர்கள், அவர் கோபாலகிருஷ்ணனாகவோ ராதாகிருஷ்ணனாகவோ முத்துக்கிருஷ்ணனாகவோ இருக்கலாம். பென்சிலால் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, பத்திரத்தில் அப்பா பெயரும் ஊரும் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து மற்றதை அழியுங்கள்.

அகர வரிசைப் பட்டியலில் தேடும்போது இன்னொரு சிக்கல். ராமன் 'இ'யில் இராமனாக இருப்பார், ரங்கன் 'அ'வில் அரங்கனாக, ஹரி அரியாக, ஜானகி சானகியாக. லட்சுமிக்கு லெட்சுமி, இலட்சுமி, இலக்குமி என்று குறைந்தது மூன்று இடமாவது பார்க்க வேண்டும். முகைதீன், மொய்தீன், மைதீன் மூன்றும் ஒரே பெயர்தான், ஒரே ஆளுக்கே மூன்று தாளில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஓசையை மட்டும் நம்பாதீர்கள், பொருளையும் பாருங்கள். ஸ்டீபன் என்றால் கிரீடம், அதனால் முடியப்பன். பால் என்றால் சிறியவர், அதனால் சின்னப்பன். சூசை, யோசேப்பு இரண்டுமே ஜோசப்தான். இந்தப் பக்கம் சண்முகமும் ஆறுமுகமும் அதே கதை, வடமொழியில் ஒன்று, தமிழில் ஒன்று.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், அவர் குழந்தையாக இருந்தபோது யார் பெயரை வைத்தார்கள் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிச் சிக்கல் இங்கேதான் அவிழும். பேரன் என்ற சொல்லே பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இருந்த காலம் அது. பெற்ற பிள்ளையை "டேய் ராமசாமி, இங்கே வாடா" என்று எப்படிக் கூப்பிடுவாள்? அப்படித்தான் எங்கள் ராமசாமி மணி ஆனார், மணி என்பது அம்மா கொஞ்சிய சொல், அவ்வளவுதான். ராசு, தம்பி, அப்பு, பாப்பா எல்லாம் பெரும்பாலும் இந்த வகை, எழுத்தை வைத்து அலசிப் பயனில்லை.

வீட்டுப் பெயர் வைத்த பெயரையே விழுங்கிவிடுவதும் உண்டு. உ.வே.சாமிநாதையருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன், அதைச் சுருக்கிச் சாமா. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாமிநாதன் என்றே கூப்பிட ஆரம்பித்தார், உலகத்துக்கும் அதுவே நிலைத்துவிட்டது. வேங்கடராமன் என்று தேடினால் இன்று யாருக்குத் தெரியும்?

பத்திரத்தில் பெயருக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு (எ) இருந்தால் விடாதீர்கள், அது 'என்கிற'. எழுதினவர் இரண்டு பெயரையும் சேர்த்தே கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அது இல்லாத இடத்தில், வீட்டில் வயதில் மூத்த பெண்களிடம் போய்க் கேளுங்கள், "அவர் பெயர் என்ன" என்று இல்லை, "அவரை யார் யார் எப்படிக் கூப்பிடுவாங்க" என்று. மாமியார் ஒரு பெயர் சொல்வார், நாத்தனார் இன்னொன்று சொல்வார், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்பதையும் பக்கத்திலேயே.