அப்பாவின் தக்காளி சாஸ்: முதல்முறை செய்பவர்களுக்கு

ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழுந்தால் எங்கள் வீட்டில் அப்பா சமையலறைக்குள் வந்துவிடுவார். 14 கிலோ பெட்டி ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். "ரசத்துக்கு ரெண்டு கிலோ எடுத்துக்கறேன், மிச்சம் உங்க பாடு" என்று அம்மா ஒதுங்கிக்கொள்வார். மற்ற நாட்களில் வெந்நீர்கூட வைக்காத மனுஷர், அன்று மட்டும் யாரையும் கரண்டியைத் தொட விடமாட்டார்.

ஏகப்பட்ட சட்டம் வேறு. நறுக்கியதும் அடுப்பில் ஏற்று. கிராம்பைத் தலை கிள்ளிப் போடு. உப்பு கடைசியில். ஏன் என்று கேட்டால் "சொன்னதைச் செய்". பிற்பாடு நானே செய்யத் தொடங்கி, அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாக மீறி, சாஸைக் கெடுத்து, அப்புறம்தான் காரணங்களைத் தேடிப் படித்தேன். அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

தேவையானவை

நன்றாகப் பழுத்த தக்காளி 2 கிலோ. அதில் ஒன்றரைக் கிலோ பெங்களூர் தக்காளி, அரைக் கிலோ நாட்டுத் தக்காளி. பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு போதாது. நாட்டுத் தக்காளியில் நேர்மாறு. முழுக்க நாட்டுத் தக்காளியில் செய்தால் வற்றவைத்தே கை ஓய்ந்துவிடும்.

சர்க்கரை 120 கிராம், உப்பு 15 கிராம், காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் 60 மில்லி.

மசாலா மூட்டைக்கு: சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், விரல்கணு அளவு இஞ்சி, இரண்டு துண்டு பட்டை, தலையிலுள்ள மொட்டைக் கிள்ளி நீக்கிய கிராம்பு ஐந்து, ஏலக்காய் இரண்டு, மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம். எல்லாவற்றையும் ஒன்றிரண்டாகத் தட்டி மெல்லிய துணியில் முடிச்சுப் போடுங்கள். அப்பா தன் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்துக்கொள்வார். துவைத்ததுதான், கவலை வேண்டாம்.

பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டி, ஈயம் பூசாத பித்தளை, சாதா அலுமினியம் மூன்றும் தக்காளியின் புளிப்புக்கு ஆகாது.

வேகவைப்பது

தக்காளியைக் கழுவி, காம்புப் பகுதியையும் பச்சையாக இருக்கும் இடங்களையும் நீக்குங்கள். பாத்திரத்தை முதலில் அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிட்டு, நறுக்க நறுக்க உள்ளே போடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

இங்கேதான் நான் முதல் தடவை கோட்டை விட்டேன். எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அடுப்பேற்றினேன். தக்காளிக்குக் கெட்டித்தன்மை தருவது பெக்டின். வெட்டுப்பட்டதும் பழத்திலுள்ள நொதிகள் அந்தப் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கும். நல்ல சூடு பட்டால்தான் அவை அடங்கும். அன்றைய சாஸ் எவ்வளவு வற்றியும் ஓரத்தில் நீர் கோத்துக்கொண்டே இருந்தது.

மூடி போட்டு 15 முதல் 20 நிமிஷம். தோல் சுருண்டு சதை குழைந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

வடிகட்டுவது

மிக்ஸி வேண்டாம். விதை அரைபட்டால் லேசாகக் கசக்கும். காற்றும் கலந்து நிறம் வெளுக்கும். எவர்சில்வர் வடிகட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். தோளெல்லாம் வலிக்கும். சல்லடையில் தோலும் விதையும் மட்டும் உலர்ந்தாற்போல் மிஞ்சும்வரை தேய்த்தால்தான் கெட்டியான விழுது முழுவதும் கீழே வரும்.

வற்றவைப்பது

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். இனி அதை விரட்டுவது ஒன்றே வேலை, ஒரு மணி நேரம் ஆகும். விழுதோடு மிளகாய்த்தூள் சேர்த்து, மசாலா மூட்டையை உள்ளே மிதக்கவிட்டு, முதலில் நல்ல தீயில் கொதிக்கவிடுங்கள். பாதியாகச் சுண்டியதும் தீயைக் குறைத்துச் சர்க்கரை சேருங்கள். முதலிலேயே போட்டால் அடிபிடித்து நிறம் மங்கும்.

இந்தக் கட்டத்தில் தெறிக்கும். நீளமான மரக்கரண்டி, முழுக்கைச் சட்டை, பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்த மூடி. சிரிக்காதீர்கள், என் மணிக்கட்டில் இன்னமும் வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறது.

அவசரப்பட்டுக் கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்ற மனசு வரும். பத்து நிமிஷத்தில் கெட்டியாகத்தான் செய்யும். ஆனால் நாக்கில் மாவு தட்டும்.

மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வற்றியதும் மூட்டையை எடுத்து, கரண்டியால் அழுத்திச் சாற்றைப் பிழிந்துவிடுங்கள். ஒரு தட்டில் ஒரு சொட்டு விட்டு, தட்டைச் சாய்த்துப் பாருங்கள். சொட்டைச் சுற்றி நீர் வளையம் கட்டினால் இன்னும் ஆகவில்லை. வளையமில்லாமல் மெதுவாக நகர்ந்தால் பதம் சரி. ஆறினால் இன்னும் கெட்டிப்படும், அதனால் கடைச் சாஸைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே நிறுத்துங்கள்.

இப்போது உப்பு. முன்பே ருசி பார்த்துப் போட்டிருந்தால் வற்ற வற்றக் கரித்திருக்கும். கடைசியாக வினிகர் ஊற்றி இரண்டு நிமிஷம் கிளறி இறக்குங்கள். அதிக நேரம் கொதித்தால் வினிகர் ஆவியாகிவிடும். சாஸ் கெடாமல் நிற்க அந்தப் புளிப்பு அவசியம், குறைக்காதீர்கள்.

பாட்டிலில் அடைப்பது

கண்ணாடி பாட்டில்களைப் பச்சைத் தண்ணீரில் வைத்து, அது கொதி வந்தபின் 15 நிமிஷம் விட்டு, எடுத்துக் கவிழ்த்து உலர்த்தி வையுங்கள். பாட்டிலும் சூடாக, சாஸும் சூடாக இருக்கவேண்டும். மரப்பலகை மேல் வைத்துக் கழுத்துவரை நிரப்பி உடனே மூடுங்கள். 2 கிலோவுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். வீட்டில் "இவ்வளவுதானா?" என்பார்கள்.

கிராம்பின் தலைக்கும் கழுத்துவரை நிரப்புவதற்கும் ஒரே காரணம்தான். கிராம்பு மொட்டில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், பாத்திரத்திலிருந்தோ மூடியிலிருந்தோ வரும் இரும்போடும் பாட்டிலில் தங்கிய காற்றோடும் சேர்ந்தால் சாஸின் கழுத்தில் கறுப்பு வளையம் விழும். தலையைக் கிள்ளினால் டானின் குறையும், நிரப்பி மூடினால் காற்று குறையும். அப்பாவுக்கு இந்த வேதியியல் தெரிந்திருந்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா, தெரியாது.

சாஸ் கெடாமலிருக்க அவர் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் உப்பும் ஒரு சிட்டிகை போடுவார். கண்ணளவில் போடுகிற பொருள் அல்ல என்பதால் நான் சேர்ப்பதில்லை. ஆகவே இதை வெளியில் வைக்காதீர்கள். ஒரு தடவை அலமாரியில் வைத்து மறந்தேன். பத்தாம் நாள் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று நுரை தள்ளி வந்தது. அப்படியானால் ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அப்பா ரவா உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்வார். பாட்டிலில் ஒட்டிய மிச்சத்தில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, அம்மா அன்றைய ரசத்தில் சேர்த்துவிடுவார்.