லாக்கிங் ஹப்: புதிது வாங்கும் முன் திறந்து பாருங்கள்

ஃபோர் வீல் டிரைவ் டிரக்கின் முன்சக்கர நடுவில், ‘ஃப்ரீ’, ‘லாக்’ என்று இரண்டு நிலைகள் பொறித்த ஒரு திருகுவட்டம் இருக்கும். அதைத் தாங்கும் பாகமே லாக்கிங் ஹப். திருகுவட்டம் ஃப்ரீயில் இருக்கும்போது சக்கரம் தன் பேரிங்கின் மேல் தனியாகச் சுழலும். சக்கரத்துக்கு விசை தரும் ஆக்சில் ஷாஃப்ட்டும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியலும், அதற்கு விசை கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஓய்வில் இருக்கும். லாக்குக்குத் திருப்பினால், உள்ளே பல் வெட்டிய ஒரு வளையம் நகர்ந்து ஆக்சில் ஷாஃப்ட்டையும் சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்த ஜீப்புகளுக்காக 1948-இல் வார்ன் நிறுவனம் இத்தகைய ஹப்களைச் செய்யத் தொடங்கியது. கையால் திருப்பும் ஹப்களின் அடிப்படை இன்றும் அதுவேதான்.

அந்த வளையம் தடையின்றி வழுக்கி நகர வேண்டும் என்பதே இங்கு முதன்மையானது. கெட்டுவிட்டதாக ஒதுக்கப்படும் ஹப்களில் பல, அளவுக்கு மீறிய கிரீஸில் சிக்கிக்கொண்டவையே. ஒருமுறை ஆற்று மணலில் என் வண்டி புதைந்தபோது, இரண்டு ஹப்பையும் லாக் செய்திருந்தும் முன்சக்கரங்கள் அசையவே இல்லை. பிறகு திறந்து பார்த்தால், இடப்பக்க ஹப்புக்குள் பேரிங் கிரீஸ் விளிம்புவரை அடைக்கப்பட்டு மெழுகுபோல் இறுகியிருந்தது. ஸ்பிரிங்கால் வளையத்தைத் தள்ளவே முடியவில்லை. ஒரு பல்கூடத் தேய்ந்திருக்கவில்லை. வலப்பக்க ஹப் சரியாகப் பிணைந்திருந்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் டிஃபரென்ஷியல்: பிணையாத பக்கத்து ஷாஃப்ட் சும்மா சுழலும்போது, விசை முழுவதும் அவ்வழியே வீணாகிவிடும்.

ஆகவே, கழற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் உயர்த்தி ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு விசையை இணைக்கும், துண்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை டூ வீலில் வைக்கவும். ஃப்ரீயில் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஆக்சில் ஷாஃப்ட் நிற்க வேண்டும். லாக்கில் சுற்றினால் அதுவும் கூடவே சுற்ற வேண்டும். ஷாஃப்ட் உறைக்குள் மறைந்திருக்கும் வண்டிகளில் வேறு வழி உண்டு. ஒரு முன்சக்கரத்தை மட்டும் உயர்த்தி, இரண்டு ஹப்பையும் லாக் செய்து, என்ஜினை நிறுத்திய நிலையில் ஃபோர் வீலும் முதல் கியரும் போட்டுவிட்டு, உயர்த்திய சக்கரத்தைச் சுற்ற முயலவும். சிறிது ஆட்டத்துக்குப் பின் அது கெட்டியாக நின்றால் இரண்டு ஹப்பும் பிணைந்திருக்கின்றன. தாராளமாகச் சுற்றினால் இரண்டில் ஒன்றாவது பிணையவில்லை. ஃபோர் வீலில் ஓட்டும்போது சக்கரப் பக்கம் ‘கடகட’ என்று ஒலித்தால், பற்கள் அரைகுறையாகக் கடித்து நழுவுகின்றனவா என்று உடனே பார்க்க வேண்டும்.

திறக்கும் முன் ஹப்பின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, திருகுவட்டத்தை ஃப்ரீயில் வைக்கவும். மூடியின் சிறு போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தால், ஆக்சில் ஷாஃப்ட் முனையில் ஒரு சர்க்ளிப் (பள்ளத்தில் பொருந்தும் பூட்டு வளையம்) தெரியும். அதை நீக்கியபின் உடற்பகுதியின் நட்டுகளைக் கழற்றவும். சில வண்டிகளில் அந்த நட்டுகளுக்கு அடியில் கூம்பு வடிவ வாஷர்கள் இறுகப் பிடித்திருக்கும். பித்தளைக் கம்பியை வைத்துச் சுற்றிலும் தட்டினால் அவை மெல்ல வெளியே எழும்பும். பொறுமையிழந்து, இரண்டு முகங்களுக்கு இடையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால், அங்கே விழும் வெட்டுத் தடம் வழியே பின்னாளில் தண்ணீர் புகும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கி வைத்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முற்றிலும் கழுவி உலர்த்தியபின் பற்களை வெளிச்சத்தில் பார்க்கவும். விளிம்புகள் கூர்மையாக இருந்தால் ஹப் நல்லதே. பற்களின் முனை மழுங்கி உருண்டிருந்தாலோ, உடற்பகுதியில் விரிசல் இருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அப்போது வீல் பேரிங்கையும் திறந்து பார்க்காமல் விடக் கூடாது. திரும்பப் பூட்டும்போது, தயாரிப்பாளர் குறிப்பிடும் இலகுவான கிரீஸை விரலில் தொட்டு, உலோகத்தின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக மட்டும் பூசவும். பேரிங்குக்கு நிறைய கிரீஸ் வேண்டும், ஹப்புக்கு மிகக் குறைவாகவே வேண்டும்.

தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங்கையும் கேஸ்கெட்டையும் புதிதாகவே போடுங்கள். சர்க்ளிப்பைப் பள்ளத்தில் உட்கார வைப்பதுதான் பலரைச் சலிக்கச் செய்யும் வேலை, ஏனெனில் ஷாஃப்ட் சற்று உள்ளே நழுவியிருக்கும். அதன் முனையில் மரையிட்ட துளை இருந்தால், அதற்குப் பொருந்தும் போல்ட்டை முடுக்கி, அதைப் பிடித்து வெளியே இழுத்தவாறே சர்க்ளிப்பைப் பொருத்தலாம். மூடியை ஃப்ரீ நிலையிலேயே வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கவும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றவும்.

புதிய ஹப் வாங்குவதானால், ஆக்சில் ஷாஃப்ட்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்லைன் பற்களையும், போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் அளவையும் எண்ணிக் குறித்துக்கொண்டு, இரு பக்கத்துக்கும் ஒரே வகையாக வாங்கவும். சில வண்டிகளில் கைக்குப் பதில் வேக்கம் (காற்றை உறிஞ்சும் விசை) மூலம் இயங்கும் ஹப் இருக்கும்; அது பிணையவில்லை என்றால், ஹப்பைத் தொடுவதற்கு முன் ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

திருகுவட்டத்தை எப்போதும் கையால்தான் திருப்ப வேண்டும். பிளையர் போட்டால் உடைவது ஹப்தான். அது பாதியில் நின்றால், வண்டியை ஓரடி முன்னோ பின்னோ உருட்டிவிட்டு மீண்டும் முயன்றால், பற்கள் நேராகித் திரும்பிவிடும். மாதம் ஒருமுறை இரண்டையும் லாக்கில் வைத்து, டூ வீலிலேயே சுமார் 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். நெடுநாள் ஓய்ந்திருந்த டிஃபரென்ஷியல் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் எண்ணெய் சென்று சேரும். இவ்வாறு ஓட்டுவதால் வண்டிக்குத் தீங்கில்லை. ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது. ஹப்பைப் பூட்டியபின் செய்யும் முதல் பயணத்தை முடித்துவிட்டு வந்து, போல்ட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.